மெட்டு ஏறும்போது சைக்கிள் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், போடி பக்கம் உடம்புக்காக ரோடு பைக் மிதிக்கிறவர்கள் ஏற்றத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. லோயர் கேம்ப்பைத் தாண்டினால் குமுளி மலைச்சாலை. முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு மலைக்கணவாய். ஞாயிற்றுக்கிழமை விடிய ஏறி, கேரள எல்லையைத் தொட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு இறங்குவார்கள். திங்கள்கிழமை சாயந்தரம் என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிளாவது தலைகீழாக நிற்கும். "அண்ணே, ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுது, மெட்டுல ஏறுனா மட்டும்..." என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

அவர்கள் சொல்வது உண்மைதான். சமதரையில் ஒளிந்திருக்கும் குறையை ஏற்றம் வெளியே இழுத்துவிடும். பார்க்கும் வரிசையில்தான் தப்பு நடக்கிறது. முதலில் சந்தேகப்படுவது விலை கூடிய சாமானை. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரு திருகு, ஒரு துடைப்பு, ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகியிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாததில் தொடங்கி, கடைக்கோ டாக்டரிடமோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற இடம் வரை வரிசையாகச் சொல்கிறேன்.

கையில் எல் கீ செட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், இரும்பு டேப், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கொஞ்சம் பஞ்சு, ஒரு ஊக்கு இருந்தால் போதும்.

## அறிகுறி 1: அழுத்தி மிதித்தால் செயின் 'டக்'கென்று தாவுகிறது

என்னிடம் வருவதில் முக்கால்வாசி இதுதான். எப்போது தாவுகிறது என்று முதலில் கவனியுங்கள். அதை வைத்துத்தான் வழி பிரியும்.

### சில சுற்றுக்கு ஒருமுறை, தாளம் போட்டது போல் தாவினால்

செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. சைக்கிளை நிறுத்தி, பெடலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே பின்னால் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்களில் கீழ்ச் சக்கரத்தைப் பாருங்கள். இறுகிய கண்ணி அதில் நுழையும்போது நேராக மடங்காமல் முட்டிக்கொண்டு ஏறும். அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் நாலைந்து முறை வளைத்துக் கொடுங்கள். மழையில் நனைந்த வண்டியைத் துடைக்காமல் ஒரு வாரம் சாத்தி வைத்தால் இது கட்டாயம் வரும்.

### கியர் மாற்றினால் உடனே உட்காராமல் இழுத்தடித்து, பிறகு தாவினால்

கியர் வயர் தளர்ந்திருக்கிறது. புது வண்டியிலும் புது வயர் போட்ட வண்டியிலும் முதல் சில வாரங்களில் வயர் தளர்ந்து கொடுப்பது சாதாரணம். வயர் பின் டெரெய்லருக்குள் (அந்த இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கி, செயினைப் பல் மாற்றும் கை) நுழையும் இடத்தில் விரலால் திருகும் உருளை ஒன்று இருக்கும். பெரிய பல்லுக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்கு, ஏறத் தயங்கினால் அதைக் கழற்றும் திசையில் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் முடுக்கும் திசையில் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கியரை மேலும் கீழும் போட்டுப் பாருங்கள். ஒரேயடியாக நாலு சுற்று திருகிவிட்டு எது என்ன செய்தது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். பொறுமை இருந்தால் பத்து நிமிஷ வேலை.

### எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெட்டால்

டெரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னால் போய் உட்கார்ந்து, பல்சக்கரத்தோடு டெரெய்லர் நேர்கோட்டில் தொங்குகிறதா என்று பாருங்கள். வலப்பக்கமாக விழுந்த வண்டி, ஜீப் மேல் கட்டி ஏற்றிவந்த வண்டி என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சட்டம் உடையக்கூடாது என்பதற்காக ஹேங்கரை மெல்லிய அலுமினியத்தில்தான் செய்கிறார்கள். கையால் நிமிர்த்தாதீர்கள், முறியும். அளவு பார்த்து நிமிர்த்தும் கருவி கடையில்தான் இருக்கும்.

### எல்லாப் பல்லிலும், அதுவும் நின்று மிதிக்கும்போது தாவினால்

செயின் தேய்மானத்தை அளக்க வேண்டும். பள்ளிக்கூட 30 செ.மீ. ஸ்கேல் இதற்குக் குட்டை. இரும்பு டேப்பை எடுங்கள். நுனிக் கொக்கி ஆடும் என்பதால் அதை நம்பாமல், 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 13 அங்குலக் கோடு மிகச் சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 8இல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினோடு பின் கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) தேய்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

### புதுச் செயின் போட்ட பிறகு தாவ ஆரம்பித்தால்

கூடலூர்த் தம்பி ஒருவர் கோபமாக வந்தார். "செயின் டூப்ளிகேட்டுண்ணே, நேத்துத்தான் மாட்டுனேன், இரைச்சல் பாலத்துக்கிட்ட காலு நழுவிருச்சு." செயினில் ஒரு குறையும் இல்லை. அவர் எப்போதும் ஏறும் இரண்டு பல்சக்கரங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். மற்றவற்றின் பற்கள் மேடு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. இந்த இரண்டிலும் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து, சுறா முதுகுத் துடுப்பு மாதிரிக் கூராகியிருந்தன. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்ததால் இத்தனை நாள் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனது. புதுச் செயின் அதில் உட்காரவில்லை. கேசட் மாற்றியதும் சரியானது. முதல் அளவிலேயே செயினை மாற்றியிருந்தால் கேசட் பிழைத்திருக்கும். மாதம் ஒருமுறை டேப் வைத்துப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

### செயின் தாவாமலேயே பெடல் வெறுமனே முன்னால் விழுந்தால்

செயின் பல்லில்தான் இருக்கும். 'கடக்' என்று ஒரு சத்தம், கால் பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கும். பின் ஹப்பின் உள்ளே இருக்கும் நாய்ப்பல் (முன்னால் மிதித்தால் மட்டும் பிடிக்கும் கொக்கி) பிடிக்கவில்லை. அன்றைக்கு ஏற்றத்தை விட்டுவிடுங்கள், நின்று மிதிக்கவே கூடாது. முகம் ஹேண்டிலில் மோதிப் பல் உடைந்தவரை எனக்குத் தெரியும். ஹப்பைத் திறப்பது கடை வேலை.

## அறிகுறி 2: கடைசிப் பெரிய பல்லுக்கு ஏற மறுக்கிறது, அல்லது அதையும் தாண்டிச் சக்கரக் கம்பிக்குள் விழுகிறது

ஏற மறுத்தால் மேலே சொன்ன வயர் இழுப்பைப் பாருங்கள். அதில் சரியாகாவிட்டால் டெரெய்லரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சின்னத் திருகுகளில் பெரிய பல்லுக்கான எல்லைத் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். தாண்டி விழுந்தால் அதே திருகை முடுக்குங்கள். இப்படித் தாண்டி விழுவதை லேசாக எடுக்க வேண்டாம். செயின் போக்ஸ் கம்பிக்குள் சிக்கினால் டெரெய்லர், ஹேங்கர், கம்பி மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். திருகியும் விழுந்தால் ஹேங்கர்தான். கடைக்குப் போகும் வரை கடைசிப் பல்லைத் தொடாமல் ஓட்டுங்கள்.

## அறிகுறி 3: இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

ஏற்றத்தில் வரும் கோளாறு நேரத்தைத்தான் தின்னும், இறக்கத்தில் வருவது ஆளையே தின்னும். இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து மேலோட்டமாகப் படிக்காதீர்கள்.

### லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்தால்

ரிம் பிரேக்கானால் முதலில் கட்டையைப் பாருங்கள். அதில் வெட்டியிருக்கும் பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் கட்டை முடிந்தது. கோடு இருக்கிறதென்றால் பிரேக் மேல் இருக்கும் திருகு உருளையைக் கழற்றும் திசையில் திருகினால் கட்டை ரிம்முக்கு அருகில் வரும். அதுவும் போதாவிட்டால் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் வயர் இழை பிரிந்திருந்தால் அதற்கு மேல் அந்த வயரில் இறங்கக் கூடாது.

ஒரு ஐப்பசி மழையில் போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் ஒரு கடையில் புதுக் கட்டை மாட்டியிருந்தார்கள். புலியூத்துப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடியது. வளைவுக்கு முன் முன்பிரேக்கை இறுக்கினேன். லீவர் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டிலைத் தொட்டது. வயர் போல்ட்டை முழுசாக முடுக்கவில்லை. நனைந்து அழுத்தம் கூடியதும் வயர் உருவிக்கொண்டது. பின்பிரேக் இருந்ததால் மலைப்பக்கம் ஒட்டி நிறுத்த முடிந்தது. பள்ளத்துப் பக்கம் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. அன்றிலிருந்து யார் பிரேக்கில் கை வைத்திருந்தாலும், கடைக்காரர் ஆனாலும் சரி நானே ஆனாலும் சரி, வீட்டு வாசலில் நின்று இரண்டு லீவரையும் முழுப் பலத்தோடு பத்து முறை இறுக்கிப் பார்க்காமல் கிளம்புவதில்லை. நழுவ வேண்டியது அங்கேயே நழுவிவிடும்.

எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து அழுத்தினால் மட்டும் பிடிக்கும். அந்தப் பிரேக்கில் மலை இறங்காதீர்கள். காற்றெடுப்பதைப் பழகியவரிடம் விடுங்கள். பிரேக் எண்ணெயில் மினரல் எண்ணெய், டாட் எண்ணெய் என இரண்டு ஜாதி உண்டு. மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் கெட்டுவிடும்.

### லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால்

ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டிருக்கலாம். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கை மூடாமல் அடிப்பதுதான் வழக்கமான காரணம். ரிம் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் துடையுங்கள். டிஸ்க் என்றால் தகட்டைத் துடைக்கலாம், எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும். பேடில் இரும்புத் தகடு நீங்கலாக மிச்சமிருக்கும் பூச்சு அரை மி.மீ.க்கு வந்துவிட்டால் அதுவும் முடிந்த கதை.

### கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால்

ரிம் கட்டையைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கருப்பு ரப்பருக்குள் வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கும். ரிம்மிலிருந்து சீவி வந்த அலுமினியத் துணுக்குகளும் மணலும் அதில் பதிந்திருக்கின்றன. ஊக்கின் நுனியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுங்கள். போன மாதம் ஒரே கட்டையிலிருந்து ஒன்பது துணுக்கு எடுத்தேன். ஒன்று அரிசி நொய் அளவு இருந்தது. எடுத்த பிறகு உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. மழையில் ஒருமுறை மெட்டு இறங்கி வந்தால் மறுநாளே இதைச் செய்யுங்கள். ரிம்மின் ஆயுள் கூடும். பிரேக் தடத்தை விரலால் தடவினால் குழிந்திருந்தால் ரிம் மாற்றும் வேலை. அதில் யோசிக்கவே கூடாது.

### சூட்டு வாசனை வந்தால்

வண்டியில் குறையில்லை, பிடிக்கும் விதத்தில்தான். மேலிருந்து கீழ் வரை லேசாக இழுத்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். நேர் ரோட்டில் பிரேக்கை விடுங்கள், வளைவுக்கு முன்பே இரண்டையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் தளர்த்துங்கள். வாசனை வந்தால் ஓரமாக நின்று பத்து நிமிஷம் ஆற விடுங்கள். தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். நிற்பதற்கு வளைவின் உள்பக்கம் வேண்டாம். அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அந்த ஓரத்தை உரசிக்கொண்டுதான் திரும்பும்.

## அறிகுறி 4: ஏறி இறங்கினால் முழங்கால் வலி

எங்கே வலிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்வேன்.

### முட்டிக்கு முன்னால் வலித்தால்

சீட்டு தாழ்ந்திருக்கிறது, அல்லது கனமான கியரில் ஏறுகிறீர்கள். பெரும்பாலும் இரண்டுமே. செருப்பில்லாமல் சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். கடைசிக் கீழ் நிலையில் கால் நேராக வேண்டும். மடங்கியே இருந்தால் சீட்டை ஏற்றுங்கள். ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பழைய உயரத்தில் கருப்பு டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள், தப்பினால் திரும்பி வர இடம் வேண்டும்.

பிறகு கியர். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்றால் நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறலாம். முன்னால் 39, பின்னால் 25 என்றால் அதே 60 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 12 கி.மீ. போயாக வேண்டும். மலையில் அந்த வேகம் வராததால் 40 சுற்றுக்கு இறங்கி, ஒவ்வொரு மிதியிலும் முட்டியை நசுக்குவீர்கள். ஏற்றத்தில் 60க்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் கேசட்டைப் பெரிதாக்குவது வீம்பை விட நல்லது. உங்கள் டெரெய்லர் எத்தனை பல் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

### முட்டிக்குப் பின்னால் வலித்தால்

சீட்டு உயரம். பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுவது தெரியும். 3 மி.மீ. இறக்கிப் பாருங்கள்.

### பக்கவாட்டில் வலித்தால்

ஷூவில் கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் கட்டை) போட்டிருந்தால் அதன் கோணம். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ, கிளீட்டும் அதே பக்கம் இருக்க வேண்டும்.

வீக்கம், மடக்க முடியாமல் பூட்டிக்கொள்வது, படுத்த பிறகும் வலி, இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் போகாத வலி இவற்றில் எது இருந்தாலும் சீட்டைத் திருகுவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

## அறிகுறி 5: பாதி ஏற்றத்தில் உடம்பு கைவிட்டுவிடுகிறது

### முதல் 2 கி.மீ.லேயே மூச்சு முட்டினால்

வேகம் அதிகம். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு கியர் இறக்குங்கள். குமுளி ஏற்றம் குட்டை என்பதால் தப்பிக்கலாம். போடிமெட்டு ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம், தொடக்கத்தில் செய்த அவசரத்துக்கு ஏழாவது வளைவில் கணக்குக் கேட்கும்.

### கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, எரிச்சல் வந்தால்

சர்க்கரை இறங்கிவிட்டது. வெறும் வயிற்றில் காப்பி மட்டும் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது நிச்சயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறுவதானால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சுமாருக்கு இருக்கும். இரண்டு பழமும் நாலு கடலை மிட்டாயும் சட்டைப் பின்பையில் இருக்கட்டும். பசித்த பிறகு தின்றால் தாமதம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த மலைக்கு வர வேண்டாம்.

### தலைவலி, நாக்கு வறட்சி, தொடையில் பிடிப்பு என்றால்

தண்ணீர். மணிக்கு அரை லிட்டர், சித்திரை வெயிலில் முக்கால் லிட்டர். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு வைத்துக்கொள்ளுங்கள்.

### நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கண் இருட்டல் என்றால்

இறங்கி உட்காருங்கள். 108க்குக் கூப்பிடுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். "வாயுவா இருக்கும்" என்று மிதித்துக் கீழே வர முயலாதீர்கள்.

## அறிகுறி 6: ஒட்டிய மறுநாளே மறுபடி பஞ்சர்

டியூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி: காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள். 70 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பி.எஸ்.ஐ. போதும். டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை: ரிம் டேப் விலகிக் கம்பித் துளை டியூபைக் குத்துகிறது. டேப் மாற்றினால் தீர்ந்தது.

வெளிப்பக்கம், அதே இடத்தில் மறுபடியும்: முள் டயருக்குள்ளேயே இருக்கிறது. கண்ணால் தேடாதீர்கள். பஞ்சை டயரின் உள்ளே மெதுவாக ஒரு சுற்று இழுங்கள், முள் பஞ்சைப் பிடித்து நிறுத்தும். எங்கள் பக்கம் கருவேல முள்தான், வெளியே முறிந்து உள்ளே அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 7: நின்று மிதித்தால் 'கிறீச் கிறீச்'

எல்லோரும் நேராக பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் அச்சு சுழலும் பேரிங்) கை காட்டுவார்கள். கடைசியாக அங்கே வாருங்கள். முதலில் தண்ணீர் பாட்டில் கூட்டின் திருகுகள். பிறகு சக்கர அச்சைப் பிடிக்கும் லீவர். உட்கார்ந்தால் மட்டும் சத்தம் என்றால் சீட்டுக் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். உலோகச் சட்டத்துக்கு கிரீஸ், கார்பனுக்கு அதற்கென்று விற்கும் பேஸ்ட். பிறகு பெடல்: கழற்றி மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள், இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். இதற்குப் பிறகும் சத்தம் வந்தால், கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய தண்டை, பிடித்து வெளியும் உள்ளும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பாட்டம் பிராக்கெட், கடை வேலை.

## அறிகுறி 8: இறக்கத்தில் ஹேண்டில் தானாக உதறுகிறது

அந்த நேரத்தில்: முட்டிகளால் நடுக்குழாயைக் கவ்வுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் பின்பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். நின்ற பிறகு: முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டொக்' என்று ஆடினால் ஹெட்செட் (அந்தக் கழுத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது. அடுத்து சக்கரத்தைச் சுற்றிக் கோணல் பாருங்கள். ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் பக்கவாட்டில் அறையும் நாட்களில் ஆழமான ரிம்மும் இப்படி உதறும், அது கோளாறில்லை. சட்டத்தில் எங்கேயாவது மயிரிழைக் கோடு தெரிந்தால் அந்த இடத்திலிருந்து ஜீப்பில் ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

பெரிய வேலை என்றால் நாங்கள் மதுரைக்குத்தான் போகிறோம். மெக்கானிக்கிடம் "கியர் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்பார், ஏனென்றால் ஸ்டாண்டில் ஏற்றம் கிடையாது. எந்தப் பல்லில், உட்கார்ந்தா நின்றா, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை, எதையெல்லாம் திருகிப் பார்த்தாகிவிட்டது என்று துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டிலில் கட்டிவிடுங்கள். பஸ்ஸில் ஏற்றும் முன் செயினைப் பின்னால் பெரிய பல்லுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், டெரெய்லர் உள்ளே ஒதுங்கும். படுக்கப் போடுவதானால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும்.